மகளுக்கு நான் எழுதிய நிராகரிப்பு அறிக்கைகள்

1

இந்த மாதத்தோடு நான் ஹைதராபாத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிகிறது. பாளையங்கோட்டையிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் பிரியாணியை விசாரிக்கிறார்கள். அடுத்து, "எப்பம் ஊருக்குத் திரும்பி வாரிய?" என்று கேட்கிறார்கள். பிள்ளை படிப்பு முடியட்டும் என்பது என் நிரந்தரப் பதில். பிள்ளை பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று என் மனைவி கிரேஸ் அவ்வப்போது ஞாபகப்படுத்துவாள்.

கடலே தாண்டாதவனுக்குப் புலம்பெயர்ந்தவன் என்ற பட்டம் எதற்கு என்று ஊரில் சிலர் நினைக்கலாம். மூன்று அட்டைகளில் மூன்று விதமாக எழுதப்பட்ட பெயரோடு, நான்தான் அந்த மூவரும் என்று சத்தியப்பத்திரம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்று பாருங்கள், தெரியும். வீட்டுக்குள் வந்தால் இன்னொரு வெளிநாடு. நான் பேசுவது திருநெல்வேலித் தமிழ். கிரேஸ் செகந்திராபாத்திலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பெண். வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாவுக்கு ஹவ், ஏன் என்பதற்குக் கைக்கு என்று அவள் தமிழில் ஹைதராபாத் இந்தி தாராளமாகப் புழங்கும். எங்கள் ஒரே மகள் ரூத்துக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வாள்; இங்கே பெரும்பாலும் நான் தமிழாக்கியதுதான். ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் சுத்தமான தமிழ் வரும். அதனால் அவள் தமிழ் பேசினால் எனக்குப் பயமாக இருக்கும்.

இதை எழுத உட்காரவைத்தது அந்த வருடக்கணக்கு அல்ல. போன சனிக்கிழமை ஒரு உள்விளையாட்டு அரங்கத்தின் வாசற்படியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ரூத் பேட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்தால் ஆட்டத்தையே விட்டுவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள், அதுவும் தமிழில்.

2

நான் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். உலோகப் பாகங்கள் மேசைக்கு வரும். அளப்பேன், உருட்டிப் பார்ப்பேன், கண்ணுக்குத் தெரியாத கீறலையும் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்ததும் நிராகரிப்பு அறிக்கை என்ற தாளை நிரப்புவேன். குறை என்ன, மூல காரணம் என்ன, திருத்த நடவடிக்கை என்ன. கடைசியில் முடிவு என்ற தலைப்பில் மூன்று கட்டங்கள் இருக்கும்: மறுவேலை, ஏற்கலாம், ஸ்கிராப். நல்ல பாகத்துக்கு அறிக்கை கிடையாது. அது பாட்டுக்குப் போய்விடும்.

ரூத் பன்னிரண்டு வயதில் கொண்டாப்பூரில் ஒரு பேட்மின்டன் அகாடமியில் சேர்ந்தாள். நாங்கள் இருப்பது ஹப்சிகுடா. பள்ளி விட்டதும் மெட்ரோவில் ஹைடெக் சிட்டி வரை போய், அங்கிருந்து ஆட்டோ. நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. அந்த அகாடமியில் ஆடுகளத்துக்கும் பெற்றோருக்கும் நடுவே பெரிய கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊறவைத்த பாதாமும் முட்டை வெள்ளையும் டப்பாக்களில் ஏந்தியபடி அப்பாக்கள் உட்கார்ந்திருப்போம். எங்களில் யாரும் ரேக்கெட் பிடித்ததில்லை. ஆனால் பேக்ஹேண்ட் பற்றி எல்லோருக்கும் உறுதியான கருத்து உண்டு.

என் பக்கத்து நாற்காலி ரமணா ராவுடையது. அவர் மகள் ஸஹஸ்ரா எங்கள் ரூத் வயதுதான். ராவ் கண்ணாடியைத் தட்டி, விரலாலும் புருவத்தாலும் மகளை இயக்குவார். அது எனக்கு அநாகரிகமாகப் பட்டது. நான் படித்தவன் இல்லையா, நோட்டுப் புத்தகம் எடுத்துப்போனேன். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு கோடு. இரண்டு வாரத்தில் அலுவலகப் படிவத்தையே கொஞ்சம் மாற்றி, பாகத்தின் பெயர் என்ற இடத்தில் ரூத் என்று போட்டு அச்சடித்துக்கொண்டேன். ஒரு ஆட்டத்துக்கு ஒரு அறிக்கை. மெட்ரோவில் திரும்பும்போது அவளுக்கு அதை வாசித்துக் காட்டுவேன். அமீர்பேட்டில் கோச்சிங் மாணவர்கள் மொத்தமாக ஏறும்போது மட்டும் என் குரல் எடுபடாது. ரயில் ஏறியதுமே "அமீர்பேட் எப்ப வரும்?" என்று கேட்பாள். அவளுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சியாளரை எல்லோரும் சார் என்றே அழைப்போம். ஒருமுறை அவரிடம் என் தெலுங்கில் உணர்ச்சியோடு பேசப்போய், மரியாதையான 'மீரு' வரவேண்டிய இடமெல்லாம் 'நுவ்வு' போட்டுவிட்டேன். நீ என் மகளைக் கவனி, நீ நல்லவன் என்ற தோரணையில் ஐந்து நிமிடம் பேசியிருக்கிறேன். அடுத்த ஒரு வாரம் ரூத்துக்கு விளக்கு எரியாத மூலை ஆடுகளம். அந்த வார அறிக்கையிலும் மூல காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று எழுதி, அவள் கணக்கில்தான் சேர்த்தேன்.

3

என் அக்கா எஸ்தர் பள்ளியில் இருநூறு மீட்டர் ஓடினாள். மாவட்ட அளவில் ஒரு கோப்பை வாங்கினாள். அப்பா ஒரு நாளும் மைதானத்துக்குப் போனதில்லை. பத்தாம் வகுப்பில் அவள் அரைக்கால் சட்டையோடு ஓடுவதை யாரோ சபையில் சொல்ல, அப்பா சாப்பாட்டு மேசையில் "போதும்" என்றார். அவ்வளவுதான், அக்காவின் ஓட்டம் முடிந்தது. யாரும் எதுவும் எழுதவில்லை. அந்தக் கோப்பையில் ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பல்துலக்கிகள் இருந்தன.

நான் அப்படிப்பட்ட அப்பா இல்லை என்று எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. மகளின் அரைக்கால் சட்டையை நானே கடையில் அளவு பார்த்து வாங்கிவருகிறேன். ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டதில்லை. இதைவிட முற்போக்கு வேறென்ன வேண்டும்?

4

இந்த நேரத்தில் அகாடமி ஒரு சுற்றறிக்கை விட்டது. வளரும் வீராங்கனைகளின் மனநலனைப் பேணுவதற்காகத் தன்னம்பிக்கை முகாம். நல்ல விஷயம். பெண்பிள்ளைகள் இந்த வயதில்தான் நிறையப் பேர் ஆட்டத்தை விடுகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதைத் தடுக்கப் பெற்றோர் மூன்று பிரதிகளில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

"பிள்ளை எப்போதாவது அழுததுண்டா? ஆம் எனில் எத்தனை முறை, காரணம், கடைசியாக அழுத தேதி." தந்தையின் கையெழுத்து கட்டாயம். தாயின் கையெழுத்துக்கு இடமில்லை. பிள்ளையின் கையெழுத்தை யாரும் கேட்கவே இல்லை. புகைப்படத்தின் மேல் ஓர் அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். என் மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் படிவத்தை முழுவதும் படித்துவிட்டு, "நான் நேரில் பார்க்காத பிள்ளைக்குத் தன்னம்பிக்கை தேவைப்படுகிறது என்று எப்படி உறுதி செய்வது? ஒரு நாள் அழைத்து வாருங்கள்" என்றார். நியாயமான மனிதர், எங்கள் துறைக்கே உரியவர்.

முகாமில் முன்வரிசைகள் பெற்றோருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பெண்பிள்ளைகள் பின்னால் தரையில். கோட்டுப் போட்ட நிபுணர் இரண்டு மணி நேரம் பேசினார். பிள்ளைகளுக்கு அழுத்தம் கொடுக்காதீர்கள் என்றார். அப்பாக்கள் எல்லோரும் அழுத்தமாகக் குறிப்பெடுத்தோம். பிறகு பெண்பிள்ளைகளை எழுப்பி "நான் சாம்பியன்" என்று ஆங்கிலத்தில் கத்தச் சொன்னார். சத்தம் போதவில்லை என்று நான்கு முறை கத்தவைத்தார். கடைசியில், தன்னம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதித் தர வேண்டும்.

சாயங்காலமே பெற்றோர் வாட்ஸப் குழுவில் பட்டியல் வந்துவிட்டது, தரவரிசையோடு. ஸஹஸ்ரா பத்து, முதலிடம். ரூத் நான்கு, கடைசியிலிருந்து மூன்றாமிடம். ராவ் எல்லோருக்கும் நன்றி தெரிவித்து பூங்கொத்து எமோஜி அனுப்பினார்.

மறுநாள் மெட்ரோவில் கேட்டேன். "ஏன் நாலு? மிச்ச ஆறு எங்கே போச்சு?"

"டாடி, அது எக்ஸாம் இல்ல. எவ்வளவு இருக்குன்னு கேட்டாங்க. இருக்கறத எழுதினேன்."

"சரி, அடுத்த தடவை ஏழாவது போடு."

அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "குச் நஹி", ஒன்றுமில்லை, என்று மட்டும் சொன்னாள். நான் எதுவும் கேட்காதபோதே அதைச் சொன்னாள்.

5

திங்கட்கிழமை தோறும் அகாடமியில் எடை பார்ப்பார்கள். ஆண்பிள்ளைகளின் எடை சாரின் நோட்டில் ஏறும். பெண்பிள்ளைகளின் எடை மட்டும் வாசலிலிருக்கும் வெள்ளைப் பலகையில், பெயரோடு. ஊக்கத்துக்காக என்று சார் சொன்னார். நாங்களும் ஊக்கத்துக்காகத்தான் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம். திங்கட்கிழமைகளில் ரூத்தின் தண்ணீர் பாட்டில் நிரப்பியது நிரப்பியபடி வீட்டுக்குத் திரும்பி வந்ததை நான் கவனிக்கவில்லை. கீறல் பார்க்கும் கண், பாட்டிலைப் பார்க்கவில்லை.

அங்கே ஸ்வப்னா என்று ஒரு உதவிப் பயிற்சியாளர் இருக்கிறாள். இருபத்துநான்கு வயது, முழங்கால் அடிபட்டு ஆட்டத்தை நிறுத்தியவள். சார் டீ குடிக்கப் போனதும் பலகையைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிடுவாள். அடுத்த வாரம் சார் மறுபடி எழுதுவார். ஒரு நாள் என்னிடம் வந்து, தெலுங்கில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அங்கிள், ரூத் ஆடும்போது ஷட்டிலைப் பார்க்கறதில்ல. ஒவ்வொரு பாயின்ட் முடிஞ்சதும் கண்ணாடியைப் பார்க்கறா. நீங்க எழுதறீங்களா இல்லையான்னு."

அன்றைய அறிக்கையில் எழுதினேன்: குறை, கவனம் சிதறுகிறது.

அடுத்த வாரம் ஒரு ஆட்டத்துக்கு முந்திய சாயங்காலம், ரேக்கெட் பிடிக்குச் சுற்றும் டேப்பைத் தேடி அவள் பையைத் திறந்தேன். அடியில் என் படிவம் ஒன்று மடித்துக் கிடந்தது. கையெழுத்து அவளுடையது. மறுநாள் ஆட வேண்டிய எதிராளியின் பெயர் போட்டிருந்தது. ஸ்கோர் இடம் மட்டும் காலி. மற்றதெல்லாம் நிரம்பியிருந்தது. குறை: பேக்ஹேண்ட், கால் வேகம், பயம். மூல காரணம்: ரூத். திருத்த நடவடிக்கை: ஒரு கோடு. முடிவு: ஸ்கிராப் கட்டத்தில் டிக்.

ஆய்வுக்கே வராத பொருளை நிராகரித்து நான் பார்த்ததில்லை. பழக்கத்தில் தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். அந்த டிக் நான் போடுவது போலவே கீழிருந்து மேலே நீட்டி இழுக்கப்பட்டிருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

கிரேஸிடம் காட்டினேன். அவள் தபால் இலாகாவில் கவுண்டர் வேலை பார்ப்பவள், எந்தத் தாளையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். இதை மட்டும் ரொம்ப நேரம் படித்தாள்.

"கையெழுத்துதான் அவளுது," என்றாள். "எழுதினது நீங்க. கைக்குங்க இந்த ஃபார்ம் நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு?"

"அவ நல்லதுக்குத்தான்."

"நக்கோ. நல்லதுன்னு சொல்லாதீங்க இப்ப."

6

இந்த இடத்தில் ஒரு நல்ல அப்பா மகளிடம் போய்ப் பேசியிருப்பான். நான் மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து தன்னம்பிக்கை உயர்வுத் திட்டம் தயாரித்தேன். நாலு மார்க்கில் இருப்பவளை வாரம் ஒரு மார்க் வீதம் ஆறு வாரத்தில் பத்துக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. பாராட்டு ஒரு நாளைக்கு மூன்று, கட்டாயச் சிரிப்பு ஒன்று, பொறுப்பு: தந்தை. வண்ணத்தில் அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

அன்றைய ஆட்டத்தில் சீக்கிரமே தோற்றுவிட்டு வந்திருந்த ரூத், கையில் டம்ளரோடு நின்று அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"நான் இனிமே போகல," என்றாள்.

"எங்கே?"

"அகாடமிக்கு. ஆட்டமே வேணாம். எனக்கு ஆடப் புடிக்கும் டாடி. நீங்க பார்க்கறதுதான் புடிக்கல. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா எனக்கு எதுவும் வேணாம்."

முழுக்கத் தமிழ். ஒரு ஆங்கில வார்த்தை இல்லை, டாடியையும் அகாடமியையும் தவிர.

கிரேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "உனக்கு என்ன செஞ்சா ஆடணும்னு தோணும்?" என்று கேட்டாள். முகாம், படிவம், சான்றொப்பம் எல்லாம் நடந்த அத்தனை நாளில் அந்தப் பிள்ளையிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. ரூத் கொஞ்சம் யோசித்தாள். பலகையில் எடை எழுதக்கூடாது. டாடி ஹாலுக்குள்ளே வரக்கூடாது. அவ்வளவுதான் கேட்டாள்.

முதல் கோரிக்கையை கிரேஸ் எடுத்துக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு போட்டு அகாடமிக்கு வந்தாள். எடைமேடையின் மேல் செருப்போடு ஏறி நின்று, "ஸ்வப்னா, முதல்ல என் பேரை எழுதும்மா," என்றாள் கவுண்டர் குரலில். "அடுத்தது சார். அப்புறம் இங்க உக்காந்திருக்கற டாடிங்க எல்லாரும் லைன்ல வாங்க. ஊக்கமா இருக்கும்."

அப்பாக்களில் பாதிப் பேருக்கு அந்த நொடியில் அவசர போன் வந்தது. ராவ் தன் டப்பாவை மடியில் வைத்து வயிற்றை மறைத்துக்கொண்டார். சார் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். கிரேஸ் இறங்கவில்லை. ஆடுகளத்தில் பெண்பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அந்தப் பார்வைக்கு நடுவே உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலகையில் பயிற்சி நேரம் மட்டும்தான் எழுதுகிறார்கள். எடை எல்லோருக்கும் நோட்டில்.

இரண்டாவது கோரிக்கை என்னுடையது. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. அக்காவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். எவ்வளவு செய்திருக்கிறேன், நம் அப்பா மாதிரியா நான் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏலே, நான் ஓடுதப்ப அப்பா ஒரு நாளாவது வந்து நின்னாவளா? வரல. அதுல எனக்கு வருத்தமும் இருந்துச்சு, நிம்மதியும் இருந்துச்சு. நீ அந்த நிம்மதிய மட்டுமாவது அந்தப் பிள்ளைக்குக் குடேன்."

"அப்ப நான் போகவே கூடாதாக்கா?"

"கூட்டிட்டுப் போ. கொண்டுபோய் விடு. கதவுக்கு வெளிய நில்லு. அதுவும் பெரிய வேலதாம்ல."

7

சனிக்கிழமை ரூத்தை அரங்க வாசலில் விட்டேன். ஸ்வப்னா அவளை உள்ளே கூட்டிப்போனாள். கிரேஸுக்கு அன்று வேலை நாள். ராவ் உள்ளே போகும்போது, பாயின்டுக்குப் பாயின்ட் மெசேஜ் அனுப்புகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூன்று முறை முயற்சி தேவைப்பட்டது. பிறகு போனை அணைத்துவிட்டேன்.

வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து கைதட்டல் கேட்டது. யாருக்கென்று தெரியாது. சத்தம் அடங்கினால் அவள்தான் தப்புப் பண்ணியிருப்பாள் என்று கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. பேனா இல்லை. ஒரு பாயின்டைக்கூடப் பார்க்காமல் அவளுடைய அத்தனை தவறுகளையும் நான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் அந்தத் தாளை நிரப்பியதும் இப்படித்தான் இருந்திருக்கும். அந்தப் படியில் உட்கார்ந்து நான் அழுதேன். டீ விற்றுக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் நீட்டினார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ரூத் வந்தாள். முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. ஜெயித்தாளா தோற்றாளா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. என் வாயில் கேள்வி வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "பசிக்குதா?" என்றேன்.

"ஹவ்," என்றாள்.

எதிரே மிர்ச்சி பஜ்ஜி வண்டி இருந்தது. ஒரு தட்டு வாங்கினோம். முதல் பஜ்ஜியைத் தின்று முடித்தாள். இரண்டாவதைக் கடித்தபடி, "தோத்துட்டேன்," என்றாள். "தேர்ட் கேம், நைன்டீன் ட்வென்டி ஒன்."

நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். உண்மையிலேயே கேட்கப்போவதில்லை என்று உறுதியானதும், அவளாகவே ஆரம்பித்தாள்.

"டாடி, ஒரு ஷட்டில் நெட் மேலயே உக்காந்துருச்சு தெரியுமா? நான் சும்மா இப்படித் தொட்டேன். மேல ஏறி, அங்கயே நின்னு, ரெண்டு பேரும் அதையே பார்த்துட்டு நிக்கறோம். அது யோசிச்சு யோசிச்சு அந்தப் பக்கம் விழுந்துச்சு. அந்தப் பொண்ணுக்கும் சிரிப்பு வந்துருச்சு. அம்பயர் திட்டறார், எங்களால நிறுத்த முடியல."

வலையோரம் மெல்லத் தட்டிவிடும் அந்த அடியை நான் இரண்டு வருடமாகத் தேவையற்ற ஆபத்து என்று எழுதிவந்திருக்கிறேன். அதுதான் அவளுக்கு ஆட்டத்திலேயே ரொம்பப் பிடித்தது என்று அன்றுதான் சொன்னாள். காகிதத் தட்டை வலையாக நிறுத்தி, மிளகாய்க் காம்பை ஷட்டிலாக வைத்து, தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கொஞ்சம் தமிழுமாக முழு ஆட்டத்தையும் ஆடிக் காட்டினாள். பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை. கண்ணாடி வழியாக நான் பார்த்த ஆட்டங்களில் எதுவும் இவ்வளவு நன்றாக இல்லை.

எனக்கு ஆசை வந்துவிட்டது. "அடுத்த மேட்ச்சுக்கு நான் உள்ள வரட்டுமா? எதுவும் எழுத மாட்டேன். சும்மா ஒரு ஓரமா உக்காந்திருப்பேன்."

அவள் மிளகாய்க் காரத்துக்கு வாயை ஊதிக்கொண்டு யோசித்தாள். எனக்காக உண்மையிலேயே யோசித்தாள் என்று தெரிந்தது.

"வேணாம் டாடி," என்றாள். "நீங்க வெளியவே இருங்க. நான் வந்து சொல்றேன்."

கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. சரி என்றேன். அவள் என் பங்கிலிருந்த கடைசி பஜ்ஜியையும் எடுத்துக்கொண்டு, இரண்டாவது கேமை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.